ஒரு பிடி மலைமண் கொண்டுவந்த பேச்சியம்மாவுக்கு

எமது கல்லூரி ஆய்வுகூடத்தில் முப்பது ஆண்டுகள் பணியாற்றி, இம்மாதத்துடன் ஓய்வுபெறும் திருமதி பேச்சியம்மா இராமர் அவர்களின் சேவை நயப்பு விழாவில் வாசித்தளித்த பாராட்டு மடல்

கண்ணாடி முகவைகளை முத்தென மினுக்கிய முதல்வியே! சோதனைக் குழாய்களைச் சோர்வின்றித் துலக்கிய சுடர்க்கரமே! பாசியையும் பன்னச் செடியையும் பெற்ற பிள்ளையெனப் பேணிய பெருந்தகையே! வணக்கம்!

இந்த அடைமொழிகளைக் கேட்டு நீங்கள் முந்தானையால் வாயை மூடிச் சிரிப்பீர்கள் என்று எமக்குத் தெரியும். "பேச்சி, தண்ணி கொண்டாரும்" என்று ஏவிப் பழகிய நாவுகள் இன்றைக்குத்தான் "அம்மையே" என்று அழைக்கின்றன. பிந்தினாலும் மனதார அழைக்கின்றன.

எண்பத்து மூன்று கலவரத்தில் பாமன்கடையில் நீங்கள் குடியிருந்த வீடு எரிந்தது; பாடசாலை திறந்த முதல் நாளே, இரவல் சேலையில் வந்து ஆய்வுகூடக் கதவைத் திறந்தீர்கள்! நகரத்தில் குண்டு வெடித்து எமது சன்னல்கள் நொறுங்கியபோது, கண்ணாடித் துண்டுகளைக் கூட்டி அள்ளிவிட்டு, பத்தரை மணிச் செய்முறை வகுப்புக்கு மேசையை ஆயத்தமாக்கினீர்கள்! இத்தனைக்கும் உங்கள் பதவி இன்றுவரை 'சிற்றூழியர்'. ஏன் என்பதைச் சொல்லத்தான் வேண்டும்.

இம்மடலை எழுதும் பொறுப்பு, தாவரவியல் கற்பிக்கும் எனக்கு, நேசமலருக்கு, வந்தது. சேவைக் காலத்தைச் சரிபார்க்க உங்கள் சுயவிவரக் கோவையைத் திறந்தேன். மேலேயே கிடந்தது, 1991இல் உங்களைப் பற்றி நான் எழுதிக் கொடுத்த முறைப்பாடு.

அவ்வாண்டு விஞ்ஞானக் கண்காட்சிக்கு 'தாவரங்கள் தரைக்கு வந்த கதை' என்று ஒரு மேசை அமைத்தோம். பாசியில் தொடங்கிப் பைன் மரத்தில் முடியும் வரிசை அது. நானூறு மில்லியன் ஆண்டுப் பழமையான கல்லிலே வேரில்லாத செடிகள் இருக்கின்றன, அவற்றின் உடலுக்குள் பங்கசு எனும் பூஞ்சண நூல்கள் ஓடுகின்றன, பங்கசு மண்ணிலிருந்து நீரும் உப்பும் எடுத்துக் கொடுக்க, செடி வெல்லம் கொடுத்தது, இருவரும் சேர்ந்தே தரையில் பிழைத்தார்கள் என்று அட்டையில் அழகாக எழுதி ஒட்டியவளும் நானே. அதே நான், பன்னிரண்டு பால்மாத் தகரப் பேணிகளில் பைன் விதை போடுமுன், மண்ணை அடுப்பில் வறுத்துச் சுத்தமாக்கச் சொன்னேன். நாற்றுகள் மஞ்சளித்தன.

நீங்கள் எனக்குச் சொல்லாமல் ஊருக்குப் போனீர்கள். மலையகத்து நோர்வூட் தேயிலைத் தோட்டத்தில் உங்கள் தகப்பனார் பைன் நாற்றுமேடை பார்த்தவர். வளர்ந்த மரத்தடியிலிருந்து ஒரு பை மண்ணோடு கொழும்புக் கோட்டை ரயில் நிலையத்தில் இறங்கினீர்கள். சோதனைக்கு நின்ற சிப்பாய் பையைத் தரையில் கவிழ்த்தான். "பஸ் மாத்தயா, கஸ் ஹதன்ன", மரம் வளர்க்க மண் ஐயா, என்று சிங்களத்தில் சொல்லி, சனம் மிதிக்க மிதிக்க, முந்தானையில் அள்ளியெடுத்தீர்கள்.

அன்று இரண்டு மணித்தியாலம் பிந்தி வந்து, அந்த மண்ணைப் பேணிகளில் இட்டீர்கள். சில கிழமைகளில் பேணிகளில் வெள்ளை நூல்கள் கண்டேன். நோய் என்று கத்தினேன். "எங்கப்பா பெரிய மரத்தடி மண்ணு போட்டாத்தான் நாத்து தேறும்னு சொல்வாரு டீச்சர்" என்றீர்கள். நான் கேட்கவில்லை. பன்னிரண்டையும் கொட்டச் சொல்லி, வறுத்த மண்ணிலேயே புதிதாக விதைத்தேன். 'நேரந்தவறுகிறார், ஆய்வுகூடத்துக்கு அசுத்த மண் கொண்டுவருகிறார்' என்று அதிபருக்கு எழுதினேன். உங்கள் ஆய்வுகூட உதவியாளர் நியமனம் அந்தக் கடிதத்தோடு நின்றுபோயிற்று.

கண்காட்சியன்று என் நாற்றுகளெல்லாம் வாடிக் கிடந்தன. நான் கொட்டச் சொன்ன பன்னிரண்டில், தண்ணீர்த் தாங்கிக்குப் பின்னால் ஒளித்து வளர்த்த ஒரே பேணியைக் கொண்டுவந்து மேசையில் வைத்தீர்கள். கரும்பச்சை! நடுவர் அதன் வேரைப் பார்த்து, பங்கசு பிடித்திருக்கிறதே என்று வியந்தார். மண்ணை யார் ஆயத்தம் செய்தது என்று கேட்டார்.

"நான்தான் செய்தனான்" என்றேன்.

நீங்கள் என் பின்னால்தான் நின்றீர்கள். முதற்பரிசுச் சான்றிதழில் என் பெயர் வந்தது. எட்டு ஆண்டுகளாக அது ஆய்வுகூடச் சுவரில் தொங்கியது, வாரந்தோறும் அதன் கண்ணாடியைத் துடைத்தவர் நீங்கள். அம்மையே, எனக்கு வெட்கமாக இருக்கிறது. என்னை மன்னித்துக்கொள்ளுங்கள்.

பொறுமையின் பொற்குடமே! ஓய்வுபெறும் மாதத்தில் நியமனம் தர முடியாது என்று கல்வித் திணைக்களம் சொல்லிவிட்டது. இரண்டு தடவை போய்க் கேட்டோம். முறைப்பாட்டை நான் மீளப்பெற்ற கடிதம், அதிபரின் முத்திரையோடு கோவையில் ஏறிவிட்டது. அந்த ஒற்றைப் பைன் இன்று முற்றத்தில் மாடிச் சன்னலை எட்டி நிற்கிறது. அதன் அடிமண்ணை எவரும் மாற்றமாட்டார்கள், மாற்ற விடவும் மாட்டோம்!

முழங்கால் நோவின்றி நடந்து, பேரப்பிள்ளைகளை அதட்டிக்கொண்டு, நிம்மதியாய் உறங்கி, நூறாண்டு வாழ்க நீங்கள்!

சட்டமிட்ட இம்மடல் உங்கள் வீட்டுக்கு. இதன் பிரதி ஒன்று ஆய்வுகூடத்துக்கு. இன்று காலை என் சான்றிதழைக் கழற்றினேன். அந்த ஆணியிலேயே இப்பிரதி தொங்கும். இனி அதன் கண்ணாடியை நான் துடைப்பேன்.

இங்ஙனம்,
அதிபர், ஆசிரியர்கள், மாணவியர், ஊழியர்கள் சார்பில்,
நேசமலர் இரத்தினசிங்கம்
கொழும்பு 4, மார்கழி 1999