பரிசு பெற்ற பிழை

“பரிசு கிடைச்சத யாருகிட்டயும் சொல்லாத அண்ணா.”

விழிஞ்ஞத்திலிருந்து கிழக்கேகோட்டைக்கு வந்த பஸ்ஸில், முன் சீட்டுப் பெண் பக்கத்திலிருந்த அண்ணனிடம் இப்படிச் சொன்னதும் நான் காதைத் தீட்டிக்கொண்டேன். கம்பெனிகளின் நிதி பற்றிய ஆய்விதழ் ஒன்று, அவள் கட்டுரையை இந்த வருஷத்தின் சிறந்த கட்டுரையாக அறிவித்திருந்ததாம்.

“அதுக்கு எதுக்கு பிள்ளே பயப்படுக?”

“கட்டுரை தப்பு. குடும்பக் கம்பெனி எது, வெளியாளுங்க நடத்துறது எதுன்னு பிரிச்சோம்லா? டைரக்டர்மாருக்கு கடைசிப் பேரு ஒண்ணா இருந்தா ஒரே குடும்பம்னு வச்சிட்டோம்.”

“நமக்கு ஏது குடும்பப் பேரு? என் பேருக்குப் பின்னால அப்பா பேரு, அப்பா பேருக்குப் பின்னால தாத்தா பேரு.”

“அதான். அப்பனும் மவனும் சேந்து நடத்துற கம்பெனியெல்லாம் வெளியாளு கணக்குல போயிட்டு. கூட எழுதுனவங்க வடக்கத்திக்காரங்க. எனக்குத் தெரிஞ்சிருக்கணும்லா?”

“இத்தன நாளு யாரும் கண்டுபிடிக்கலியே.”

“இத்தன நாளு யாரும் படிக்கல. இனி எல்லாரும் படிப்பாங்க. வெப்சைட்ல போட டேட்டாவையும் கேட்டிருக்காங்க.”

அண்ணன் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு மெதுவாகச் சொன்னான்: “அப்பாட்ட காலையிலேயே சொல்லிட்டேன் பிள்ளே. உடைக்கதுக்குத் தேங்காயோட கோயில்ல நிக்காரு.”

பழவங்காடியில் பஸ் நின்றது. கணபதி கோயில் முன்னால், கனத்த பையோடு நின்ற பெரியவர் பஸ்ஸைப் பார்த்துக் கையை உயர்த்தினார். அவள் துப்பட்டாவால் முகத்தை அழுத்தித் துடைத்தாள். பிறகு சிரித்துக்கொண்டே இறங்கினாள்.