கையுறை தேவையில்லை

பதுளைக் குழாய்த் தண்ணீரை அகன்ற வாளியில் ஒரு நாள் திறந்து வைத்தால் போதும். குளோரின் தானாக வெளியேறிவிடும். மீன் வளர்க்கத் தொடங்குபவர்கள் இந்த ஒரு நாளைப் பொறுப்பதில்லை. என்னிடம் வந்த மீன்களில் பாதி, வளர்ப்பவரின் அவசரத்தால் நோயுற்றவை. உங்கள் மகளுக்கு மீன் வாங்கப்போவதாகச் சொன்னீர்கள், டாக்டர் ஷம்ரா. ஆகையால் இதை முதலில் எழுதுகிறேன்.

ஸ்பிரிங்வெளித் தேயிலைத் தோட்டத்து ஜெயந்தினியின் கையில் வந்த நோய் எங்கிருந்து வந்திருக்கும் என்று சென்ற மாதம் என் வீட்டுக்கு வந்து கேட்டீர்கள். தெரியாது என்றேன். அந்த விடை தவறு. முப்பத்தோர் ஆண்டுகள் ஆசிரியனாக இருந்து பிறர் விடைகளைத் திருத்தியவன், தன் விடையைத் திருத்தாமல் விடுவது முறையல்ல. நீங்கள் மரியாதை கருதி எனக்கு அனுப்பிவைத்த அறிக்கை நகலையும் இரண்டு முறை படித்தேன். அதன் கடைசிப் பந்தியில் இரண்டு வாக்கியங்கள் திருத்தப்பட வேண்டும். அதற்காகவே இதை எழுதுகிறேன். வேறு நோக்கம் இல்லை.

ஓய்வு பெற்ற பின், பதினொரு ஆண்டுகளாகச் சனிக்கிழமை காலைகளில் காமிலின் வளர்ப்பு மீன் கடையில் உட்காருகிறேன். கட்டணம் வாங்குவதில்லை. பொலித்தீன் பையிலும் ஜாம் போத்தலிலும் நோயுற்ற மீன்களைக் கொண்டு வருவார்கள். உடலில் ரவை தூவியதுபோல் வெண்புள்ளி இருந்தால் நீரின் வெப்பத்தைக் கூட்டி உப்பிடச் சொல்வேன். பாண் தின்று வயிறு ஊதிப் பக்கவாட்டில் மிதக்கும் தங்கமீனை மூன்று நாள் பட்டினி போட்டு, பின் தோலுரித்த அவித்த பட்டாணி கொடுக்கச் சொல்வேன். எதையும் வாயால் மட்டும் சொல்வதில்லை. ஒரு துண்டில் நான்கு வரி எழுதிக் கொடுப்பேன்: அறிகுறி, நோய், மருந்து, இன்ன தேதிக்குள் இன்னது நடக்கும். நான்காவது வரியை எழுதத் துணிந்தவர் இந்த மாகாணத்தில் வேறு எவரும் இல்லை. மக்கள் அத்துண்டைத் தொட்டிக் கண்ணாடியில் ஒட்டிவைத்தார்கள்.

நான்காவது வரி பிழைக்காமல் இருப்பதற்கு உழைப்பு வேண்டும். இதைப் பலர் அறிவதில்லை.

இரும்புக்கடை றவூப் ஹாஜியாரின் தங்கமீனுக்கு நீர்க்கோவை. செதில்கள் பைன் காய்போல் விறைத்து நின்றன. வெள்ளிக்கிழமையைத் தாண்டாது என்று எழுதினேன். அடுத்த செவ்வாயன்று ஆணி வாங்கப் போனேன்; மீன் நீந்திக்கொண்டிருந்தது.

"சேர், நீங்க எழுதினது எந்த மாசத்து வெள்ளிக்கிழம?" என்று கேட்டார் ஹாஜியார். கடையில் நின்ற நான்கு பேர் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

மேலும் பரிசோதிக்க வேண்டும் என்று சொல்லி மீனை வீட்டுக்கு எடுத்துச் சென்றேன். கராம்பு எண்ணெய் சில துளிகள் போதும். மீன் மயங்கி, அம்மயக்கத்திலேயே அடங்கிவிடும். துன்பம் இல்லை. மறுநாள் செய்தி சொன்னபோது ஹாஜியார், "சேர் சொன்னாச் சொன்னதுதான்" என்று வருகிறவர்களிடமெல்லாம் சொன்னார். பதினொரு ஆண்டுகளில் இவ்வாறு ஆறு மீன்களைத் திருத்தியிருக்கிறேன். ஏறத்தாழ இரண்டாயிரம் துண்டுகளில் ஆறு. எந்தப் பரீட்சை மண்டபத்திலும் இது சிறப்புச் சித்தி.

ஜெயந்தினி சென்ற ஆண்டு தைப்பொங்கலுக்கு அடுத்த சனிக்கிழமை வந்தாள். ஜிஞ்சர் பியர் போத்தலில் இரண்டு கப்பி மீன்கள். கணவன் கொழும்பில் வேலை. இவள் மாமியாருடன் தோட்டத்து வரிசை வீடான லயத்தில் இருந்து கொழுந்து பறிக்கிறாள். லயத்தின் பின்புறம் ஐந்து சீமெந்துத் தொட்டிகள் கட்டி, மலை ஊற்றுப் பீலியிலிருந்து தண்ணீர் கொண்டுவந்து கப்பி வளர்த்தாள். எல்ல நகரில் ஒரு விடுதிக்காரர், மீன்கள் நன்றாக இருந்தால் மாதந்தோறும் இருநூறு எடுப்பதாக வாக்களித்திருந்தார்.

"அது மட்டும் சரிவந்துருச்சுன்னா, இனிப் பெரட்டுக்கு நிக்க மாட்டேங்க சேர்" என்றாள். "விடியக்காலையில வரிசையில நின்னு பேரு கூப்பிடுறதக் கேட்டுக் கேட்டு, என் பேரே எனக்குப் பிடிக்காமப் போச்சுங்க."

மறுநாள் ஸ்பிரிங்வெளிக்குப் பஸ்ஸில் போனேன். மீன்கள் மெலிந்திருந்தன. வயிறு ஒட்டியிருந்தது. சிலவற்றுக்கு முதுகு வளைந்திருந்தது. மீன் காசநோய் என்று எழுதினேன். மருந்து இல்லை, எல்லாவற்றையும் அழித்துத் தொட்டிகளை வெளிற்றுத் தூள் இட்டுக் கழுவ வேண்டும். கையில் காயம் உள்ளவர் தொட்டியில் கையிட்டால் ஆறாத புண் வரும், கையுறை கட்டாயம். மூன்று மாதத்துக்குள் ஒரு மீனும் மிஞ்சாது.

கையைப் பற்றி ஏன் எழுதினேன் என்றால், அவள் கையைப் பார்த்தேன். பெருவிரலிலும் ஆள்காட்டி விரலிலும் கொழுந்து கிள்ளிக் கிள்ளி வந்த வெடிப்புகள் இருந்தன. தேயிலைச் சாயம் அவற்றில் கறுத்துப் படிந்திருந்தது. நான் கவனமாகப் பார்ப்பவன்.

மாமியார் பெரியாயி வெற்றிலையை ஒதுக்கிக்கொண்டு தொட்டிக்குள் எட்டிப் பார்த்தார். "காச நோயிங்களா? எங்க, ஒருக்கா இருமிக் காட்டச் சொல்லுங்க பாப்பம்."

"சும்மா இருங்க அத்தே. சேர் படிச்சவரு" என்றாள் ஜெயந்தினி. ஆனால் அவளும் வாயைப் பொத்திக்கொண்டாள்.

அன்று செத்துக் கிடந்த ஒரு மீனை ஸ்பிரிட் போத்தலில் இட்டு, தேதி ஒட்டி எடுத்துவந்தேன். அதுதான் நீங்கள் கேட்டு வாங்கிச் சென்ற போத்தல்.

ஜெயந்தினி கையுறை வாங்கினாள். முழங்கைவரை வரும் மஞ்சள் ரப்பர் கையுறை. ஆனால் மீன்களை அழிக்கவில்லை. பக்கத்து லயத்தில் ஆட்டுக்குப் பூச்சி மருந்து கொடுப்பதைப் பார்த்திருக்கிறாள். ஆடு மெலிந்தால் வயிற்றில் பூச்சி. மீன் மெலிந்தால் வேறு என்ன என்பது அவள் தர்க்கம். மிருக வைத்தியரிடம் அளவு கேட்டு, அதைக் கரைத்து ஊற்றியிருக்கிறாள். ஒரே தாயின் குஞ்சுகளுக்குள் இனம் பெருகினால் முதுகு வளையும் என்று யாரோ சொல்ல, பண்டாரவளையிலிருந்து வேறு ஆண் மீன்களும் வாங்கித் தொட்டிகளில் விட்டிருக்கிறாள்.

ஜூன் மாதச் சனிக்கிழமை ஒன்றில், கடை நிறைய ஆட்கள் இருக்கும்போது, அவள் ஒரு பை மீனுடன் வந்தாள். வாலெல்லாம் விரிந்து, மயில்போல் இருந்தன.

"சேர், மூணு மாசம் முடிஞ்சு இன்னொரு ரெண்டு மாசமும் ஆச்சுங்க. ஒண்ணும் சாகலீங்க. எல்லாம் குட்டி போட்டு நிக்குது. எல்லக்காரரு அடுத்த மாசத்துலேருந்து எடுக்கிறேன்னுட்டாரு."

"அப்ப ஜெயந்தினி, நீங்களும் துண்டு எழுதுங்கோ" என்றான் காமில். "சேருக்குப் பக்கத்துல ஒரு கதிர போட்டுத் தாறன்."

எல்லாரும் சிரித்தார்கள். ஜெயந்தினி சிரிக்கவில்லை. "அவரு கெடக்காரு சேர். நீங்க பயங்காட்டுனதாலதான் நான் கண்ணுக்குள்ள வச்சுப் பாத்தேன்" என்றாள். ஆறுதல் சொல்லும் குரலில் சொன்னாள். ஓர் ஆசிரியனுக்கு ஆறுதல் சொல்லும் அளவுக்குத் தேறிய மாணவர்களை நான் அதிகம் கண்டதில்லை.

ஒரு மீனென்றால் கராம்பு எண்ணெய் போதும். ஐந்து தொட்டிகளுக்கு அது பொருந்தாது. மேலும், துண்டில் நான் எழுதியது மரணத்தை மட்டும் அல்ல. இன்ன நோயால் மரணம் என்று. வேறு காரணத்தால் செத்தால் விடை சரி, வழி தவறு. அதற்கு நான் ஒருபோதும் முழுப் புள்ளி இட்டதில்லை.

என் வீட்டுப் பின்னறையில், நீங்கள் அன்று எட்டிப் பார்த்துவிட்டு ஏன் துணி போட்டு மூடியிருக்கிறது என்று கேட்ட தொட்டி இருக்கிறதே, அதில் நான்கு ஆண்டுகளாக மீன் காசநோய் இருக்கிறது. மடுல்சீமையிலிருந்து ஒருவர் கொண்டுவந்த மீன்களில் வந்தது. ஒரு நோயின் உண்மையான தோற்றம் மறந்துவிடக் கூடாது என்பதற்காக, சாகச் சாகப் புதிய மீன்களை விட்டு அதைப் பேணிவருகிறேன். மற்றவர்கள் அகராதி வைத்திருப்பதுபோல.

அதிலிருந்து இன்னும் அறிகுறி தோன்றாத, வால் அழகிய ஆறு ஆண் மீன்களைத் தேர்ந்தேன். கையுறை அணிந்தே பிடித்தேன். அத்தொட்டியின் தண்ணீரையே பையில் நிரப்பினேன். ஆடி மாதம் இரண்டாம் ஞாயிறு ஸ்பிரிங்வெளிக்குப் போனேன்.

"என் கணிப்பு தவறிவிட்டது. அதற்கு இது என் அன்பளிப்பு" என்றேன். ஜெயந்தினிக்குக் கண் கலங்கிவிட்டது. பெரியாயி பிளேன்டீயும் ஒரு துண்டு கருப்பட்டியும் கொண்டுவந்து வைத்து, "சேரு மாதிரி ஆளு, தப்புன்னா தப்புன்னு சொல்றாரு பாரு. இந்தத் தோட்டத்துல ஒரு கங்காணி சொல்லுவானா?" என்றார்.

ஜெயந்தினி தொட்டிச் சுவரில் காய்ந்துகொண்டிருந்த மஞ்சள் கையுறையைக் காட்டினாள். "இதைப் போட்டுக்கிட்டுப் பாசி தேய்க்க முடியலீங்க சேர். குட்டி நசுங்கிருது. இனிக் கழட்டிறலாமுங்களா?"

நான் ஐந்து தொட்டிகளையும் ஒருமுறை சுற்றிப் பார்த்தேன். பை என் கையில் இருந்தது. கட்டு இன்னும் அவிழ்க்கப்படவில்லை.

"உங்கள் தொட்டிகளில் எந்த நோயும் இல்லை. கையுறை தேவையில்லை" என்றேன்.

இதில் முதல் வாக்கியம் சொல்லப்பட்ட கணத்தில் முழுமையாக உண்மை. இரண்டாவது, முதலாவதிலிருந்து பெறப்படுவது. நான் பொய் சொன்னதாக உங்கள் அறிக்கையில் எங்கும் எழுதிவிட வேண்டாம். பிறகுதான் கட்டை அவிழ்த்தேன். எந்தத் தொட்டியில் விடுவது என்று கேட்டாள்; தொட்டிக்கு ஒன்றாகவும், மேல் தொட்டியில் மட்டும் இரண்டாகவும் விடச் சொன்னேன். மிச்சத் தண்ணீரையும் ஊற்றச் சொன்னேன். அவள் வெறுங்கையால் ஊற்றினாள்.

மற்றது உங்களுக்குத் தெரியும். புரட்டாசியில் மீன்கள் மெலிந்தன. எல்ல விடுதிக்காரர் ஒரு மாதம் எடுத்தார், மறுமாதம் திருப்பி அனுப்பினார். அவள் விரலில் ஒரு கட்டி. முள் குத்தியதென்று நினைத்தாள். அது புறங்கையில் வரிசையாக ஏறியது. உங்களிடம் வந்தபோது பிந்திவிட்டது. ஆள்காட்டி விரலை எடுத்துவிட்டீர்கள்; பெருவிரல் மடங்குவதில்லை. இப்போது பெரட்டில் அவள் பெயர் கூப்பிடப்படுவதில்லை என்று கேள்விப்பட்டேன். அவள் கேட்டதும் அதுதான். ஆனால் அவள் எண்ணியிருந்த வழி வேறு.

வார்டில் அவளைப் பார்க்கப் போனேன், தோடம்பழம் வாங்கிக்கொண்டு. அவள் கட்டுப்போட்ட கையைப் போர்வைக்குள் மறைத்தாள்.

"நீங்க மொதல்லயே எழுதிக் கொடுத்தீங்க சேர். நான்தான் பெரிய இவளாட்டம் ஆட்டு மருந்து ஊத்துனேன். என்னை மன்னிச்சுக்குங்க."

"பரவாயில்லை" என்றேன். மன்னித்தேன் என்றே பொருள்.

பெரியாயி கட்டிலின் காலடியில் உட்கார்ந்திருந்தார். வெற்றிலை போட்டிருக்கவில்லை. என்னைப் பார்க்காமல் சொன்னார்: "மீனு இருமிருச்சுங்க சேர்."

ஜெயந்தினி என் துண்டைப் பிளாஸ்டிக் உறையிலிட்டுத் தலையணையின்கீழ் வைத்திருந்தாள். அதைப் பார்த்துத்தான் நீங்கள் வியந்து என்னைத் தேடி வந்தீர்கள். ஓர் ஆண்டுக்கு முன்பே, கையில் புண் வரும் என்பதுவரை எழுதியவரைச் சந்திக்க வேண்டும் என்றீர்கள். உங்கள் பாராட்டு எனக்கு மகிழ்ச்சி தந்தது என்பதை மறைக்கவில்லை. போத்தலில் இருந்த மீனைச் சோதிக்கக் கேட்டபோது தயங்காமல் எடுத்துக் கொடுத்தேன். என் நோயறிதலில் எனக்கு எப்போதும் ஐயம் இருந்ததில்லை.

ஆனால் உங்கள் அறிக்கை இப்படி முடிகிறது: "போத்தலில் இருந்த மீனில் காசநோய்க் கிருமி இல்லை, எனவே முன்னர் செய்யப்பட்ட நோயறிதல் தவறானது. நோயாளிக்குத் தொற்று எங்கிருந்து வந்தது என்பது தெரியவில்லை."

இரண்டாவது வாக்கியத்துக்குரிய திருத்தத்தை மேலே கொடுத்துவிட்டேன். தொற்று என் பின்னறைத் தொட்டியிலிருந்து, ஆறு மீன்களிலும் ஒரு பைத் தண்ணீரிலும், என் கையால் கொண்டுசெல்லப்பட்டது. கையுறையைக் கழற்றச் சொன்னவனும் நானே. இதைப் பொலிசுக்குக் கொடுப்பதானால் மூலப் பிரதியையே கொடுங்கள். மறுபடி தட்டச்சு செய்தால் பிழை விழும். தொட்டியை நீங்கள் வரும்வரை துணி போட்டு மூடியே வைத்திருக்கிறேன். அதைத் தூக்குபவர்கள் கையுறை அணிய வேண்டும்.

முதல் வாக்கியத்தை மட்டும் தயவுசெய்து நீக்கிவிடுங்கள். மெலிவு, புண், முழு அழிவு என்று நான் எழுதிய ஒவ்வொன்றும் நான் எழுதிய அந்த நோயாலேயே நடந்திருக்கிறது. உங்கள் ஆய்வுகூடமே அதற்குச் சாட்சி. நோயறிதல் சரியானது, டாக்டர். நோய்தான் ஆறு மாதம் தாமதமாக வந்தது.