செய்தி கேட்கும் முகம்

எனக்குக் கிளிசரின் ஆகாது, இன்ஸ்பெக்டர் சார். அதைப் போட்டால் நடிக்கிறவர் கண்ணில்தான் தண்ணீர் வரும், முகம் அதுபாட்டுக்குச் சும்மா இருக்கும். இத்தனை வருஷமாகப் படம் எடுக்கிறேன், ஒரு பாட்டில் வாங்கியதில்லை. தயாரிப்பாளர்கள் அதை என் சிக்கனம் என்று நினைத்துக்கொள்கிறார்கள். நினைக்கட்டும்.

என் படங்களில் யாரும் திரையில் சாவதில்லை. வெட்டு, விபத்து, தூக்கு, எதையும் காட்ட மாட்டேன். எல்லாம் வேறெங்கோ நடந்து முடிந்திருக்கும். அந்தச் செய்தி யாருக்கு வந்து சேருகிறதோ, அவர் முகத்தில் கேமராவை வைப்பேன். நடுவில் கட் கிடையாது, இசை கிடையாது. செய்தி உள்ளே இறங்கி, அந்த ஆள் மறுபடியும் மூச்சு விடும்வரை ஷாட் ஓடும். இதைப்பற்றி வெளிநாட்டில் பக்கம் பக்கமாக எழுதுகிறார்கள். நான் பெரிதாக ஒன்றும் யோசிக்கவில்லை. எது நடந்தாலும் அது ஒருத்தருக்கு எந்த நிமிஷத்தில் தெரியவேண்டும் என்று முடிவு செய்கிறவன்தான் கதைசொல்லி. அவ்வளவுதான் என் தொழில்.

இதற்கு நடிகர்கள் சரிப்பட மாட்டார்கள். ஊர்க்காரர்களை வைத்து எடுப்பேன். அவர்களிடம் கதை சொல்வதில்லை. கேமரா ஓடும்போது ஏதாவது ஒரு பொய்யைச் சொல்வேன், முகம் தன் வேலையைப் பார்த்துக்கொள்ளும்.

எனக்குச் சொந்த ஊர் சங்கரன்கோவில் பக்கம் மேலநீலிதநல்லூர். அதனால் நீங்கள் விசாரிக்கிற இந்தப் படத்தைச் சங்கரன்கோவிலிலேயே எடுத்தேன். பேச்சித்தாயைப் பூ மார்க்கெட்டில்தான் பார்த்தேன். பிச்சி மொட்டுகளைத் தரம் பிரித்துக்கொண்டே ஒரு வியாபாரியைப் பிடிபிடி என்று பிடித்துக்கொண்டிருந்தார். "அண்ணாச்சி, தராசுலருந்து கைய எடும். பூவ நிறுக்கீரா, ஒம்ம வெரல நிறுக்கீரா?" அந்த முகத்தை விட எனக்கு மனசில்லை. புருஷன் இல்லை. ஒரே மகன் கண்ணன், கரிவலம்வந்தநல்லூரில் செல்போன் கடையில் வேலை. படத்தில் அந்தம்மாவுக்குத் தாய் வேஷம். என்னைவிட மூத்தவர், யக்கா என்றுதான் கூப்பிடுவேன்.

முதல் நாள், வீட்டில் தீப்பிடித்துவிட்டது என்று சொன்னேன். ஓடினார், அருமையான ஷாட். அடுத்த நாள், கண்ணன் யாரோ ஒரு பெண்ணைக் கூட்டிக்கொண்டு ஓடிவிட்டான் என்றேன். மகனை அவர் வைத வசவில் யூனிட்டே வாயைப் பொத்திக்கொண்டு நின்றது. கட் சொன்னதும் உண்மையைச் சொல்லிவிடுவேன். "சார் வாயத் தொறந்தா பொய்யிதான்" என்று அவரும் எங்களோடு சேர்ந்து சிரிப்பார். அதுதான் தொழிலில் நான் செய்த தப்பு. பொய்க்கு அவரைப் பழக்கிவிட்டேன்.

படப்பிடிப்பிலேயே ஒலியைப் பதிவு செய்வதால் எல்லார் போனையும் ஒரு மஞ்சப்பையில் வாங்கி என் நாற்காலியில் மாட்டிவிடுவோம். மூன்றாம் நாள் மத்தியானம் பைக்குள் ஒரு போன் அதிர்ந்தது. அந்தம்மாவுடையது. எடுத்தேன். டைரக்டர் பேசுகிறேன் என்றேன். பேசியது கண்ணனின் சிநேகிதன் மன்சூர் அலி.

"சார், கண்ணன் பைக்குல லாரி மோதிருச்சு சார். திருநெல்வேலி பெரியாஸ்பத்திரில கெடக்கான். பேச்சு இருக்கு. அம்மாவப் பாக்கணும், அம்மாவப் பாக்கணும்ங்கான். ரொம்ப நேரம் தாங்காதுன்னு சொல்லுதாவ. சட்டுனு கூட்டியாங்க சார்."

கிளம்பிவிட்டோம் என்றேன். நாங்கள் படம் எடுத்த கொட்டகை வாசலில் டிரைவரோடு கார் நின்றது. போனால் ஒன்றரை மணி நேரம்.

ஆனால் அந்தம்மா ஏற்கெனவே கேமரா முன்னால் உட்கார்ந்திருந்தார். எப்படியும் சொல்லத்தான் வேண்டும், கேமரா ஓடும்போது சொன்னால் என்ன? சொன்னேன். அவர் சிரித்துவிட்டார். "நேத்து ஓடிப்போயிட்டாம்னிய, இன்னைக்கு லாரியா சார்?"

மன்சூரைத் திரும்பக் கூப்பிட்டு, போனைக் கண்ணனிடம் வைக்கச் சொல்லி ஸ்பீக்கரில் போட்டேன். "யம்மா, வாம்மா. வலிக்கும்மா" என்றான். குரல் தெளிவாகவே இருந்தது.

இருபது வருஷமாக நான் தேடிய முகம் வந்தது, சார். உடம்பெல்லாம் சிலிர்த்தது. அப்போது ஃபோகஸ் பார்க்கிற ரிஸ்வான், "சார், ஃபோகஸ் போயிருச்சு" என்றான். அவன் அழுதுகொண்டிருந்தான், கை நழுவிவிட்டது. அந்த முகம் முழுக்க மங்கலாகப் பதிவாகியிருந்தது.

அந்தம்மா எழுந்து செருப்பைக்கூடப் போடாமல் வாசலுக்குப் போய்விட்டார். காரில் ஏறிவிட்டால் அந்த முகம் திரும்ப எனக்குக் கிடைக்காது. கட் சொல்லிவிட்டுக் கை தட்டினேன். "யக்கா, ஒங்க மவன் எப்படி நடிச்சான் பாத்தியளா? காலையிலயே சொல்லிக்குடுத்துட்டேன்" என்றேன்.

அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். "நாசமாப் போவ, ஈரக்கொலையே நடுங்கிப்போச்சே" என்று நெஞ்சில் கையை வைத்துக்கொண்டு சிரித்தார், அழுதார். "அந்தப் பய வரட்டும், வெளக்கமாத்தாலயே சாத்துதேன்" என்றார். டீயும் வடையும் வாங்கிக் கொடுத்தோம். தின்றுகொண்டே கேட்டார். "ஆனா நல்லாத்தான் நடிக்கான் என்ன? அவனையும் படத்துல போடுங்க சார்." போடலாம் என்றேன்.

ரிஸ்வான் அவரிடம் போகப் பார்த்தான். இது அவனுக்கு முதல் படம் என்பதை ஞாபகப்படுத்தினேன். நின்றுவிட்டான்.

அந்தப் போன் அதிர்ந்துகொண்டே இருந்தது, நான் எடுக்கவில்லை. சாயங்காலம் தகரக் கூரையின் ஓட்டைகள் வழியாக வெயில் மஞ்சளாக இறங்கியபோதுதான் எடுத்தேன். மன்சூரால் பேச முடியவில்லை. விஷயம் புரிந்தது. அந்தம்மாவைப் பழைய இடத்திலேயே உட்காரவைத்து, கேமராவை ஓடவிட்டு, போனை அவர் காதில் வைத்தேன்.

"மறுபடியுமா?" என்று சிரித்தபடிதான் வாங்கினார். மன்சூரின் அழுகையைக் கேட்டார். பின்னால் யாரோ உடம்பை மூடத் துணி கொண்டுவரச் சொல்கிற சத்தத்தைக் கேட்டார். சிரிப்பு உடனே போகவில்லை, வாயில் கொஞ்ச நேரம் நின்றது. கண் மட்டும் மாறியது. அதை எந்த நடிகையும் செய்ய முடியாது. பிறகு போனை மடியில் வைத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"அப்ப மத்தியானம் பேசுனது அவந்தானா?"

நான் பதில் சொல்லவில்லை. சொன்னால் என் குரல் ஷாட்டில் விழுந்துவிடும். அவர் கேட்டுக்கொண்டே இருந்தார். அவர் மூச்சு திரும்பும்வரை நானும் கட் சொல்லவில்லை. அந்த ஷாட்டுக்குத்தான் வெளிநாட்டில் அரங்கமே எழுந்து நின்றது.

ரிஸ்வான் உங்களிடம் சொன்னது அத்தனையும் நடந்ததுதான், எங்கே வேண்டுமானாலும் கையெழுத்துப் போடுகிறேன். அந்தம்மா மகனை உயிரோடு பார்த்திருப்பார், நான் விடவில்லை. ஏமாற்றினேன் என்கிறானே, அந்த ஒரு வார்த்தையை மட்டும் திருத்தச் சொல்லுங்கள். அன்றைக்குக் கேமரா ஓடியபோது இரண்டு தடவையும் நான் கொடுத்தது உண்மையான செய்திதான். பொய் சொன்னது கட் சொன்ன பிறகுதான், அது படத்தில் கிடையாது.