தொண்ணூற்றில் இருக்கும் நூறு

இத்தாலியில், ஸ்தாசியோனே என்னும் ரயில் நிலையத்திலிருந்து பொலிதேயாமா சதுக்கத்துக்குப் போகும் பஸ்ஸில், எனக்கு முன்சீட்டில் எங்கள் தமிழ்ப் பெண்கள் இருவர் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தார்கள். இளையவள் திடீரென்று கேட்டாள்:

"அக்கா, தொண்ணூறு நூறிலும் பெரிசோ?"

"விடியவே உனக்கு என்னடி பிடிச்சது?"

"என்ரை சின்னவளிட்டை எண்பதும் பத்தும் எத்தினை எண்டு தமிழிலை கேட்டன். தொண்ணூறு எண்டாள். எழுதிக் காட்டு எண்டன். ஒன்பது போட்டு ரெண்டு சைபர் போட்டாள். அடிச்சுப்போட்டன்."

"ஏன் அப்பிடி எழுதினவளாம்?"

"அழுதழுது சொன்னாள். இருநூறு, முந்நூறு மாதிரித்தான் தொண்ணூறாம். அதுக்குள்ளையும் நூறு இருக்காம்."

மூத்தவள் பலமாகச் சிரித்தாள். "அவள் வடிவா யோசிச்சுத்தான் எழுதியிருக்கிறாள். பிழை விட்டது தமிழ். அதுக்குப் போடன் ரெண்டு அடி!"

இளையவள் சிரிக்கவில்லை.

"எனக்குப் பிறகுதான் அக்கா விளங்கினது. நேற்று மடியிலை இருத்தி, அதே கணக்கைத் திரும்பவும் கேட்டன்."

"சொன்னாளே?"

"ஓம், உடனை சொன்னாள். நொவாந்தா எண்டு."

"சரிதானே? பிறகென்ன?"

"சரிதான். இத்தாலியனிலை அவளுக்கு ஒண்டும் பிழைக்காது. இனி என்னோடை தமிழிலை எண்ணமாட்டாளாம்."