ஏத்தத்துக்கு ஒரு அக்கா

கண்டி குட்ஷெட் பஸ் நிலையத்தில் கெலிஓயா பஸ் புறப்படக் காத்திருந்தது. எனக்குப் பின்னால் ஒரு கணவனும் மனைவியும்.

"கார் பாக்க மெக்கானிக்கைக் கூட்டிட்டுப் போகாம, ஒன் அக்காவ எதுக்குக் கூட்டிட்டுப் போறோம்?"

"போன வாரம் நீங்க தனியா ஓட்டிப் பாத்தீங்கல்ல, எங்க ஓட்டுனீங்க?"

"கெலிஓயா மெயின் ரோட்லதான். நல்லாத்தான் ஓடுச்சு."

"சமமான ரோட்ல எல்லாக் காரும் நல்லாத்தான் ஓடும். அது சின்ன இஞ்சின். நம்ம மூணு பேரையும் வச்சு, ஏசியும் போட்டு, மஹய்யாவல நம்ம வீட்டு ஏத்தத்துல ஏறட்டும். அக்காவோட ஏறிட்டா அப்புறம் யாரோடயும் ஏறும். அதுக்குப் பிறகு அட்வான்ஸ் குடுங்க."

"அவங்களுக்குத் தெரிஞ்சா கோவிச்சுக்குவாங்க."

"மெதுவாப் பேசுங்க. கைராசிக்காரின்னு சொல்லித்தான் கூட்டிட்டு வந்திருக்கேன்."

எனக்கு முன்னால், இருவர் உட்காரும் சீட்டை ஒருவராகவே நிறைத்திருந்த பெண்மணி நிதானமாகத் திரும்பி, என் தலைக்கு மேலாக அவர்களைப் பார்த்தார்.

"இதுக்குத்தான்னு மொதல்லயே சொல்லியிருந்தா, காலையில இன்னும் ரெண்டு ரொட்டி சாப்பிட்டு வந்திருப்பேனேடி."