பதினோராம் சுருளின் ஏழாவது இணைப்பு

என் பெயர், தந்தை பெயர், முகவரி மூன்றையும் தனித்தாளில் எழுதிக் கொடுத்திருக்கிறேன். எனக்கு வயது நாற்பத்தாறு. மணமாகவில்லை. ஆய்வு நிலையத்தின் பின்வாசலுக்கு எதிரேயுள்ள குடியிருப்பில் நான்காம் மாடியில் தனியாக வசித்து வருகிறேன். மேற்படி நிலையத்தின் காந்தப் பிரிவில் முதுநிலைப் பொறியாளராக இருந்து, சென்ற மாதம் பதினான்காம் தேதி முதல் பணியிடை நீக்கத்தில் இருக்கிறேன். காந்தச் சுருள் ஒன்றைச் சேதப்படுத்தியதாக நிலைய இயக்குநர் கொடுத்த புகாரின் பேரில் இன்று காலை பத்தரை மணிக்கு என்னை அழைத்து விசாரிக்க, நான் என் சொந்த விருப்பத்தில் கூறுவதாவது.

நான் இருபத்து நான்காம் வயதில் மேற்படி நிலையத்தில் சேர்ந்தேன். அணுக்கருக்களை இணைய வைத்து அதிலிருந்து மின்சாரம் எடுக்கும் உலை ஒன்றை அங்கே கட்டி வருகிறார்கள். காவல் உதவி ஆய்வாளர் கேட்டதால் சொல்கிறேன், அந்த உலைக்குள் இருக்கப்போகும் வாயு சூரியனைவிடச் சூடானது, அதைத் தாங்கும் பாத்திரம் எதுவும் கிடையாது, ஆகவே சுவரில் படாமல் அந்தரத்தில் பிடித்து வைக்கக் காந்தங்கள் வேண்டும், அவற்றை வடிவமைப்பது என் வேலை. மொத்தம் பதினெட்டுச் சுருள்கள். ஒவ்வொன்றும் இரண்டு மாடி உயரம். நான் சேர்ந்தபோது பிரிவில் ஒன்பது பேர் இருந்தோம். அதன் பிறகு ஒருவர் இறந்துவிட்டார், மற்றவர்கள் ஒவ்வொருவராக வேறு வேலைக்குப் போய்விட்டார்கள், ஆறு ஆண்டுகளாக அந்த அறையில் நான் மட்டும் இருக்கிறேன். மற்ற எட்டு மேசைகளையும் யாரும் எடுத்துப் போகவில்லை. உலை ஓடத் தொடங்குவதற்குள் எனக்கு ஓய்வு வயது வந்துவிடும் என்பதால், நான் வரைந்தது வேலை செய்வதை நான் பார்க்கப் போவதில்லை. ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டும் காந்தம் செய்கிறேன் என்றே என் சித்தி இன்றுவரை நினைத்திருக்கிறார். சூரியனையே கட்டிப்போடப் போகிறவளுக்கு ஒரு எட்டு வீட்டுக்கு வந்துபோக நேரமில்லையா என்று அக்கா போனில் கேட்டுக்கொண்டிருந்தார். அதன் பிறகு அவரும் கேட்பதை விட்டுவிட்டார்.

சுருள் சுற்றும் கூடத்தில் ஃபோர்மேனாக இருந்தவரைப் பத்தொன்பது ஆண்டுகளாகத் தெரியும். அண்ணே என்று கூப்பிடுவேன். மதியம் கேன்டீனில் இருவரும் ஒரே பெஞ்சில் சாப்பிடுவோம். அதிகம் பேசுவதில்லை. ஆனாலும் பல நாட்களில் நான் வாய் திறந்து பேசிய ஒரே ஆள் அவர்தான். இரண்டு ஆண்டுகளுக்கு முன்பு உடல்நிலை காரணமாக அவர் வேலையிலிருந்து நின்றுவிட்டார். அதன் பிறகு நான் என் மேசையிலேயே சாப்பிட்டு வந்தேன்.

சென்ற மாதம் இரண்டாம் தேதி ஃபோர்மேனின் மகள் போன் செய்து, அப்பா உங்களைப் பார்க்க வேண்டுமென்கிறார் என்றார். அன்று மாலை போனேன். அவர் படுத்த படுக்கையாக இருந்தார். மகள் டீ கொடுத்துவிட்டு உள்ளே போன பிறகு, என்னைக் கதவைச் சாத்தச் சொல்லிவிட்டு அவர் சொன்னதாவது: நான்கு ஆண்டுகளுக்கு முன்பு பதினோராம் சுருளில் கம்பிகள் ஒன்றுசேரும் ஏழாவது இணைப்பைச் சூடாக்கிப் பற்ற வைத்துக்கொண்டிருந்தபோது, மனைவிக்கு மிகவும் முடியவில்லை என்று ஆஸ்பத்திரியிலிருந்து போன் வந்தது, கவனம் சிதறியதில் பாதியில் சூடு இறங்கிவிட்டது, விதிப்படி பிரித்துத் திரும்பச் செய்ய இரண்டு நாள் ஆகும், அவர் வழக்கமான வெப்ப எண்ணைப் பதிவேட்டில் எழுதிவிட்டு ஓடினார், போவதற்குள் மனைவி இறந்துவிட்டார். காரியங்கள் முடிந்து அவர் வேலைக்குத் திரும்புவதற்குள் இணைப்பைப் பிசின் ஊற்றி மூடிவிட்டார்கள். "அன்னைக்கே சொல்லியிருக்கணும், வாய் வரலம்மா" என்றார்.

மேற்படி பதிவேட்டில் அவர் கையெழுத்துக்குக் கீழே என் கையெழுத்து உள்ளது. வெப்ப வரைபடத்தைப் பார்க்காமலே போட்டேன். அவர் எழுதினால் சரியாக இருக்கும் என்று நினைத்தேன். இணைப்பு மோசமாக இருந்தால் உலை ஓடும்போது அந்த ஒரு இடம் சூடாகி, சுருளில் இருக்கும் சக்தி முழுவதும் அங்கே இறங்கும். அப்போது அருகில் ஆட்கள் இருக்கலாம்.

மறுநாள் காலை இயக்குநரைப் பார்த்து, ஃபோர்மேனைப் பற்றிச் சொல்லாமல், சுருளைக் குளிரூட்டிச் சோதித்த பிறகே அனுப்ப வேண்டும் என்றேன். அந்தச் சோதனையை அட்டவணையிலிருந்து நீக்கியாகிவிட்டது, பத்தொன்பதாம் தேதி சுருள் உலைக்குப் போகிறது, சந்தேகத்துக்கு ஆதாரம் இருந்தால் எழுத்தில் கொடுங்கள் என்றார். அதன் பிறகு மூன்று கடிதங்கள் அனுப்பினேன். மூன்றாவதற்கு, கருத்து பதிவு செய்யப்பட்டது என்று ஒரு வரி வந்தது.

பதின்மூன்றாம் தேதி வார விடுமுறை. காலை பதினொரு மணிக்கு என் அடையாள அட்டையைக் காட்டிக் கூடத்துக்குள் போனேன். காவலாளி கேட்டதற்கு அளவெடுக்கும் வேலை என்றேன். அது பொய். திறந்துவிட்ட இணைப்பைச் சோதிக்காமல் அனுப்ப மாட்டார்கள் என்பதால், அதன் பிறகு கட்டிங் மெஷினால் இணைப்புப் பெட்டியின் இரும்பு மூடியை அறுத்தெடுத்து, உளியால் பிசினைப் பெயர்த்தேன். இணைப்பு தெரியும்போது மணி நாலரை. கண்ணால் பார்த்து நல்லது கெட்டது சொல்ல முடியவில்லை. தரையில் உட்கார்ந்து, கொண்டுபோயிருந்த ரொட்டியைச் சாப்பிட்டேன். அதன் பிறகு நானே இயக்குநருக்குப் போன் செய்து சொன்னேன். என்னை யாரும் தூண்டவில்லை, யாரும் உதவவில்லை.

ஆய்வு நிலையத்தின் விசாரணைக் குழுவினர் மேற்படி இணைப்பை வெட்டியெடுத்துக் குளிரூட்டிச் சோதித்தார்கள். இருபத்திரண்டாம் தேதி அறிக்கை கிடைத்தது. இணைப்பில் குறை எதுவும் இல்லை, அந்தச் சுருளின் மற்ற இணைப்புகளைவிட அது நன்றாகவே இருக்கிறது, சுருளைச் சரிசெய்ய இரண்டு ஆண்டுகளாகும் என்று அதில் இருந்தது. சாப்பாட்டு மேசையில் வைத்து இரண்டு முறை படித்தேன். சொல்ல எனக்கு ஒரே ஓர் ஆள்தான் இருந்தார்.

மறுநாள் ஃபோர்மேனிடம் போய், இணைப்பு நன்றாகத்தான் இருந்தது என்றேன். அவர், "அப்ப நாலு வருஷமா..." என்று தொடங்கி நிறுத்திவிட்டார். அதன் பிறகு, குழுவிடம் தன் பெயரைச் சொன்னேனா என்று கேட்டார். இல்லை, எனக்கே தோன்றிய சந்தேகம் என்று சொல்லிவிட்டேன் என்றேன். மறைக்காமல் சொல்லிவிடும்படி அவர் கேட்டுக்கொண்டதால் இன்று சொல்கிறேன். நான் எழுந்தபோது, மூடியை அறுக்கும்போது கூட இருந்து யார் பிடித்துக்கொண்டது என்று கேட்டார். யாருமில்லை என்றேன்.

"கால்ல விழுந்திருந்தா என்ன ஆவறது? எனக்கு ஒரு போன் பண்ணியிருக்கலாமில்ல" என்றார். அவரால் எழுந்து உட்காரக்கூட முடியாது.

இதுவே நடந்தது. கூட்டியும் குறைத்தும் எதுவும் சொல்லவில்லை. எழுதியதை எனக்குப் படித்துக் காட்டினார்கள், சரியாக இருக்கிறது. என்னோடு யாரும் வராததால், சாட்சி என்ற இடத்தில் காவல் நிலைய எழுத்தரே கையெழுத்திட, அதன் கீழே நானும் கையெழுத்திடுகிறேன்.

(ஒப்பம்)