அமுக்கிப் பார்த்த நண்டு

– பின் நம்பர்லாம் சொல்ல முடியாது நைனா. போன வை.

– அடியே பிரேமா, நான்டி, மதன்! உன் ஊட்டுக்காரன்! தாய்லாந்துலேர்ந்து பேசறேன்!

– எங்க ஊட்டுக்காரரு நம்பர் இது இல்லியே.

– என் போன்ல சார்ஜ் பூட்ச்சி. ஓட்டல்காரன் போன கெஞ்சி வாங்கிப் பேசறேன். ஏ.டி.எம். கார்டு பின் நம்பர மட்டும் சொல்லு செல்லம்.

– செல்லமா? மாட்டுனியா! கல்யாணம் ஆனதுலேர்ந்து அவரு வாயில அந்த வார்த்த வந்ததேயில்ல. எங்க மகளிர் குழு மீட்டிங்ல போலீஸ்காரம்மா சொன்னாங்க, புருசன் குரல்லயே பேசி ஏமாத்துவானுங்கன்னு.

– பேஜாரு பண்ணாதடி! உன் கத்திரிக்கா கொழம்ப இத்தினி வருசமா மறுபேச்சு பேசாம துன்றவன்டி நான்!

– ம்... இப்பதான் கொஞ்சம் அவரு மாதிரி கீது. ஆமா, ட்ரெய்னிங் அனுப்பின கம்பெனி சோறு போடலியா? உனக்கு எதுக்குக் கார்டு?

– இன்னிக்கி லீவுடி. சும்மா கம்பெனி வேன்ல கடற்கரைப் பக்கம் வந்தேன். ஓட்டல் வாசல்ல தொட்டி நெறய நண்டு வுட்டிருந்தான்.

– அத்த துன்னியா? நண்டு கொட்டிக் கெடக்கற பழவேற்காட்டுல பொண்ணு எடுத்துட்டு, தாய்லாந்துல போயி காசு குட்த்து நண்டு துன்னியா?

– வாங்க நெனைக்கவே இல்லடி! சதை கீதான்னு பாத்தேன். நீ சொல்லிக் குட்த்த மாதிரியே திருப்பிப் போட்டு, வயித்த அமுக்கி...

– ஒண்ணதான அமுக்குன?

– ஆற.

– ஐயோ!

– பொன்னேரி மார்க்கெட்ல அமுக்குனா திட்டுவாங்க, அவ்ளோதான? இங்க அந்தாளு சிரிச்சிக்கினே நான் அமுக்குனத எல்லாம் கூடைல போட்டுக்கினான். நல்ல மனுசன்னு நானும் சிரிச்சேன். உக்காரச் சொன்னான், உக்காந்தேன். ஆறும் செவசெவன்னு வெந்து வருது!

– வேணான்னு சொல்றதுதான?

– எந்த பாஷைல? தலய தலய ஆட்டுனேன். இன்னும் கொஞ்சம் சோறு வெச்சான். கையில கீற டப்பு ரெண்டு நண்டுக்குக்கூட பத்தல. கார்ட போட்டா பின் கேக்குது. அது நீ வெச்ச நம்பரு, உனக்குத்தான தெரியும்? பைக் நம்பர் போட்டேன், தப்பு. நம்ம பொண்ணு மோனிகா பொறந்த நாள் போட்டேன், அதுவும் தப்பு. இன்னொரு வாட்டி தப்பாச்சின்னா கார்டு லாக்குடி! கம்பெனி வேன் வேற கெளம்பப் போவுது!

– எங்க ஊட்டுக்காரரா இருந்தா இன்னிக்கி காலைலயே போன் பண்ணிருப்பாரு. பொழுது சாயற வரைக்கும் போனையே பாத்துக்கினு கீறேன்.

– அதான் இப்ப பண்ணிட்டேனே!

– நண்டுக்குப் பண்ணியிருக்க.

– தெய்வமே! இன்னா கேள்வி வோணா கேளு, பதில் சொல்றேன்!

– அமுக்கும்போது எது கெட்டியா இருந்திச்சி?

– ஆறுமே கல்லு மாதிரி இருந்திச்சிடி. ஒடச்சா ஒண்ணுலதான் சதை. மத்ததெல்லாம் வெறுந்தண்ணி!

– நான் அத்தினி வாட்டி சொல்லிக் குட்த்தும் நண்டு பாக்கத் தெரியாத ஆளு ஒலகத்துலயே ஒர்த்தருதான். நீயேதான்யா! சரி, சொல்றேன். பக்கத்துல யாரும் கேக்கலியே?

– எவனுக்கும் தமிழு தெரியாது. சீக்கிரம் சொல்லுடி, ஓட்டல்காரன் வாசல்ல குறுக்க வந்து நின்னுக்கினான்!

– இன்னிக்கி தேதிய போடு, பின்னாலயே மாசத்த போடு. அது இன்னா நாளுன்னு யோசிச்சிக்கினே அமுக்கு.